இணையவழி உழைப்புக்கு மணித்தியாலக் கூலி என்ன?

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய பெருநிலக் கரையோரத்திலும் படித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் இளைஞர், யுவதிகளில் ஒரு சாரார் இப்பொழுது வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டவருக்கு வேலை செய்து கொடுக்கத் தொடங்கியுள்ளனர். மொழிபெயர்ப்பு, தரவுப் பதிவு, வரைகலை, இணையத்தள வடிவமைப்பு என வேலைகள் பலவகைப்படும். பேசாலையில் இருந்து செய்தாலும் கொழும்பில் இருந்து செய்தாலும் வேலை ஒன்றுதான். ஆனால், "மணித்தியாலத்துக்கு எவ்வளவு?" என்று வாடிக்கையாளர் வினவும்போதே நம்மவர் தடுமாறுகின்றனர். கூடுதலாகக் கேட்டால் வேலை கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில் வாயில் வந்த சிறு தொகையொன்றைச் சொல்லிவிடுகின்றனர். ஒருமுறை சொன்ன தொகையைப் பின்னர் உயர்த்துவது எளிதன்று.

இக்கேள்வி இந்தக் கரைக்குப் புதியதுமன்று. சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில் கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்து வந்த சுழியோடிகளுக்கு மாதச் சம்பளமோ நாட்கூலியோ இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பிகளில் மூன்றிலொரு பங்கு அவர்களுடையது. எஞ்சிய இரண்டு பங்கையும் அரசு ஏலத்தில் விற்றது. கயிறு பிடித்தவருக்கும் படகுக்கும் உரியதைச் சுழியோடி தனது பங்கிலிருந்தே கொடுக்க வேண்டும். காற்றெழுந்து கடலில் இறங்க முடியாத நாளில் பங்கும் கிடையாது. ஆயினும் அன்றும் வயிறு பசிக்கத்தான் செய்யும். ஆகவே, மூழ்கிய நாளின் வருமானம் மூழ்காத நாளையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருந்தது.

இணையவழித் தொழிலின் கணக்கும் இதுவேதான். மாதம் 90,000 ரூபா கையில் வேண்டும் என்று ஒருவர் எண்ணுவதாகக் கொள்வோம். பெரும்பாலானோர் மாதத்தில் 160 மணித்தியாலம் வேலை என்று வைத்து 90,000ஐ அதனால் வகுத்து, 560 ரூபா சொச்சம் என்று விடை காண்கின்றனர். டொலரை 300 ரூபாவாகக் கொண்டால் இது இரண்டு டொலருக்கும் குறைவு. மூன்று டொலர் கேட்டாலே இலாபம் என்று அவர்களுக்குத் தோன்றுவது இதனால்தான். கணக்கில் விட்டுப்போனவற்றைப் பார்ப்போம்.

வருடத்தின் 52 வாரங்களில் பெருநாள், நத்தார், சுகயீனம், மின்தடை எனக் கழித்தால் 46 வாரம் எஞ்சும். வாரம் 40 மணித்தியாலம் வீதம் 1,840 மணித்தியாலம். இதில் வேலை தேடுவது, விண்ணப்பிப்பது, பேசி முடிப்பது, திருத்திக் கொடுப்பது ஆகியவற்றுக்கு எவரும் கூலி தருவதில்லை. கூலி கிடைக்கும் நேரத்தை நூற்றுக்கு அறுபது என்று கொண்டால் ஏறத்தாழ 1,100 மணித்தியாலமே தேறும்.

இனிச் செலவு. வருடத்துக்கு வேண்டிய கைவருமானம் 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் செலுத்துகிறார். தனித்து உழைப்பவர் இந்த 15 சதவீதத்தைத் தாமே சேமிக்க வேண்டும். அது 1 இலட்சத்து 62 ஆயிரம். இணைய இணைப்பு, மின்கட்டணம், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கணினி ஆகியவற்றுக்கு மாதம் 16,500 ரூபா என்றால் 1 இலட்சத்து 98 ஆயிரம். மொத்தம் 14 இலட்சத்து 40 ஆயிரம். இதை 1,100ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 1,309 ரூபா.

இதுவும் முடிவன்று. வேலை பெற்றுத்தரும் தளம் தன் பங்கை எடுக்கும். பைவர் தளம் 20 சதவீதம் எடுக்கிறது; வேறு சில தளங்களில் இது குறையலாம். அதையும் ஈடுசெய்ய 1,636 ரூபா, அதாவது ஐந்தரை டொலர் கேட்க வேண்டும். பணம் வங்கிக்கு வந்துசேரும் செலவையும் சேர்த்தால் ஆறு டொலர் என்பது பேராசையன்று. மூன்று டொலருக்கு இணங்கியவரின் நிலை என்ன? தளத்தின் பங்கு போக 720 ரூபா. வருடத்துக்கு 7 இலட்சத்து 92 ஆயிரம். செலவும் போக மாதம் 49,500 ரூபா. முதுமைக்கென எதுவும் எஞ்சாது. 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா என உயர்த்தப்பட்ட தேசிய குறைந்தபட்ச வேதனமும் இவருக்குப் பாதுகாப்பாகாது. அச்சட்டம் தொழில்தருநரின் கீழ் பணிபுரிபவர்களுக்கானது.

நாணய மாற்று விகிதத்தை நம்பி விலையை இறக்குவதும் ஆபத்தானது. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. டொலரில் உழைத்தோருக்கு அது அதிர்ஷ்டமாகத் தோன்றியது. ஆனால், அதே மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு; செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. நல்ல வருடமொன்றை அளவுகோலாகக் கொள்வோர், 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பை நினைத்துப் பார்க்கலாம். அவ்வருடம் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. மறுவருடமே இலண்டன் நிறுவனமொன்று வருடம் 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவுக்கு 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் சிப்பிகள் இல்லை. 1912இல் நிறுவனமும் இல்லை.

நம்மைக் கவலைகொள்ள வைப்பது வேறொன்று. நற்பெயர் பெற்ற கணக்கை வைத்திருப்பவர் வேலையைத் தாம் பெற்று, அதில் சிறு பகுதிக்கு ஊர்ப் பிள்ளைகளிடம் செய்விக்கும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு. பயிற்சிக் காலத்துக்கு அது பொருந்தலாம். வாடிக்கையாளர் தரும் தொகை எவ்வளவு என்பதையே மறைப்பது பொருந்தாது. பங்கு இன்னதென்று சுழியோடிக்குக் கூடத் தெரிந்திருந்தது. கூலியை முன்னரே தெரிவித்த பின்பே ஆளை அமர்த்த வேண்டும் என்ற இஸ்லாமிய நெறியை எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ நாம் போய் விளக்க வேண்டியதில்லை.

தமது தகுதியைக் குறைத்து மதிப்பிடுவதும் ஒரு காரணம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து மீண்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குச் சிங்களமும் வரும். துன்பத்தின் வழியே வந்த மொழிதான். எனினும், மும்மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் இருமொழி அறிந்தவரின் விலைக்கு ஏன் இணங்க வேண்டும்?

வேகமாக முடிப்பவருக்கு மணித்தியாலக் கூலி சில வேளை பாதகமாகும். எட்டு மணித்தியால வேலையை நான்கில் முடிப்பவர், முழு வேலைக்கும் ஒரே தொகை பேசுவதே மேல். அப்பொழுதும் எத்தனை முறை திருத்திக் கொடுப்பது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரியையும் மறந்துவிடலாகாது. 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி ஈட்டும் வருமானத்துக்கு உயர்ந்தபட்சம் 15 சதவீத வரி உண்டு. வருடம் 18 இலட்சம் ரூபா வரை விலக்கு இருப்பதால் மேற்கண்ட உதாரணத்தில் வருபவர் தப்பிவிடுவார். ஆயினும் பற்றுச்சீட்டுகளை அவர் பேணிவைப்பது நல்லது.

ஏற்கனவே மூன்று டொலருக்கு உழைப்பவர் ஒரே நாளில் ஆறு கேட்க முடியாது. புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் நாலரை கேட்கட்டும். அது நிலைத்த பின் அடுத்தவரிடம் ஆறு கேட்கட்டும். பழையவருக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்து உயர்த்தலாம். அவர்களுள் ஓரிருவர் விலகிப்போகக்கூடும். கூலி இரட்டிப்பாகும்போது, வேலையில் பாதி போனாலும் தளத்திலிருந்து கைக்கு வரும் தொகை குறையாது என்பதை அப்பொழுது அவர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.