உங்களுக்குத் தெரியுமா? மணல் மணியளவு மூளைத் துண்டுக்குள் 52 கோடி இணைப்புகள்!

சுண்டெலியின் மூளையில் ஒரே ஒரு கன மில்லிமீட்டர். மணல் மணியளவுதான். அதற்குள் நரம்புச் செல்கள் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும் இணைப்புகள் மட்டும் 52 கோடிக்கு மேல்! இந்த இணைப்புகளின் வரைபடத்தை 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது.

● ஆய்வாளர்கள் முதலில் எலிக்குப் படம் காட்டினார்கள். ‘தி மேட்ரிக்ஸ்’ திரைப்படக் காட்சிகளும் அதில் உண்டு. பார்க்கும்போது எந்தெந்தச் செல் விழித்தெழுகிறது என்று பதிவு செய்தார்கள்.

● பிறகு அந்த மூளைத் துண்டை 25,000-க்கும் மேற்பட்ட சீவல்களாக அரிந்தார்கள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு முப்பரிமாணமாக இணைத்தார்கள்.

● டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், இப்படியொரு வரைபடம் கேட்பதே வீண் என்று 1979-இல் எழுதியிருந்தார். அவ்வளவு பெரிய மேதையின் கணிப்பையே பொய்யாக்கிய உழைப்பு இது!

● நிதி தந்தவை அமெரிக்க அரசின் உளவு ஆராய்ச்சி அமைப்பும் தேசிய சுகாதார நிறுவனமும். மக்கள் வரிப்பணத்தில் உருவான இந்தத் தரவுகள் இணையத்தில் இலவசம். நீங்களும் திறந்து பார்க்கலாம்.