சைக்கிளை மாடிக்குத் தூக்குறீங்களா? செயின் எந்தப் பக்கம்னு பாருங்க!

லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட். கீழே நிறுத்தினா திருடு போயிடுமோன்னு பயம். அதனால் பலர் தினமும் சைக்கிளை மாடிக்குத் தூக்குகிறார்கள். பாதுகாப்பாகத் தூக்குவது எப்படி?

ஏறும்போது: செயின் இருப்பது வலப்பக்கம். எனவே இடப்பக்கம் நின்று, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, நடு பாரை வலது தோளில் மாட்டுங்கள். டிரெஸ்ஸில் கிரீஸ் ஒட்டாது. வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தால் முன்சக்கரம் திரும்பாது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்க இடது கை ஃப்ரீ!

இறங்கும்போது: இதில்தான் ஆபத்து அதிகம். சைக்கிள் படியை மறைக்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றிய பிறகே அடுத்த படி.

எலக்ட்ரிக் சைக்கிளா? பேட்டரியைக் கழற்ற முடிந்தால் தனியே எடுத்துச் செல்லுங்கள். அப்பவும் வெயிட்டா இருந்தா, தனியாகத் தூக்காமல் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.