பந்து எங்கே, பாப்பா?

உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பாவோ தங்கைப் பாப்பாவோ உண்டா? வாருங்கள், அதனுடன் விளையாடிக்கொண்டே ஒரு சோதனை செய்வோம்.

பாப்பா பார்க்கும்போதே ஒரு பந்தைத் துணியால் மூடுங்கள். 5 மாதப் பாப்பா பெரும்பாலும் தேடாது. 9 மாதப் பாப்பா துணியை இழுத்துப் பந்தை எடுத்துவிடும்!

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் இப்படிக் கவனித்துக் குறிப்பெடுத்தார். 'கண்ணுக்கு மறைந்த பொருளும் இருக்கிறது என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியாது' என்பது அவர் கருத்து.

தெரியாதா, அல்லது கையால் தேடத்தான் வரவில்லையா? 1985-இல் ரெனே பயார்ஜானும் அவருடன் ஆய்ந்தவர்களும் கைக்கு வேலையில்லாத ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு பலகை பெட்டியை மறைத்தது. பிறகு பெட்டியே இல்லாததுபோல் பின்னால் முழுவதும் சாய்ந்தது. 5 மாதக் குழந்தைகள் அதை நெடுநேரம் பார்த்தன. பெட்டி இருப்பது அவற்றுக்குத் தெரியும் என்றனர் ஆய்வாளர்கள். விவாதம் இன்னும் தீரவில்லை.

அடுத்த விளையாட்டு: இரண்டு பெரிய கிண்ணங்கள். முதல் கிண்ணத்தின் அடியில் பந்தைச் சில தடவை ஒளியுங்கள். பிறகு, பாப்பா பார்க்கும்போதே, இரண்டாவதில் ஒளியுங்கள். 9, 10 மாதப் பாப்பா பழைய கிண்ணத்திலேயே தேடக்கூடும். ஒன்றரை வயதுப் பாப்பா ஏமாறுமா? செய்து பாருங்கள்.

கவனம்! கோலிக்குண்டு, காசு, பட்டாணி வேண்டாம். தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைத்துவிடும். வாய்க்குள் போகாத பெரிய பந்தே நல்லது. பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். பாப்பா சிணுங்கினால் சோதனையை நிறுத்துங்கள். அதற்கு விளையாட்டுதான் முக்கியம்!