கையில் தழும்பு இருக்கிறது, அது போதுமா?

பள்ளிக்கு ஊசி போடும் குழு வருகிறது என்ற தகவல் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் போதும், “டி.பி. ஊசியும் உண்டா?” என்று ஒருவராவது கேட்டுவிடுகிறார். தாத்தா பாட்டி காலத்துப் பள்ளிகளில் உண்டு. இன்று இல்லை. 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்குப் போடுவது ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான டி.டி. ஊசி. காசநோய்க்கான பி.சி.ஜி. பிறந்தவுடன் ஒரே ஒரு முறைதான். அப்போது விட்டுப்போனால் ஒரு வயது நிறைவதற்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் அரசின் தடுப்பூசி அட்டவணையில் அதற்கு இடமில்லை.

1951-இல் நாடு தழுவிய பி.சி.ஜி. இயக்கம் தொடங்கியபோது நிலைமை வேறு. 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு முன்கையில் சோதனை ஊசி போட்டு, தடிப்பு வராதவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மருந்து தயாரிக்க கிண்டியில் 1948-லேயே ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. 1978-இல் விரிவான தடுப்பூசித் திட்டம் வந்தபோது பி.சி.ஜி. கைக்குழந்தைகளுக்கான ஊசியாகிவிட்டது.

“பள்ளியில் மறுபடி போட்டால் நல்லதுதானே?” என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் நம் செங்கல்பட்டிலேயே இருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் வட்டாரத்தில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய 3.6 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு 15 ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, யாருக்கு நோய் வந்தது என்று கணக்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு அந்த ஊசி எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பிள்ளைகளுக்குக் கிடைத்தது 27 சதவீதம். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குப் புள்ளிவிவரம் தள்ளாடியது.

இதே ஊசி பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு 80 சதவீத அளவுக்குப் பலன் தந்தது. 1953 முதல் அங்கே பள்ளிகளில் போட்டார்கள். நோய் வெகுவாகக் குறைந்ததும் 2005-இல் அவர்களும் பள்ளி ஊசியை நிறுத்திவிட்டு, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் நிறைய. சிறு வயதிலேயே உடம்புக்கு அவை பழக்கமாகிவிடுவதால், பின்னால் போடும் ஊசி புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம்.

பிரேசிலிலும் 7 முதல் 14 வயதுவரையான இரண்டு லட்சம் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டாவது ஊசியைச் சோதித்தார்கள். பலன் வெறும் 9 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் நம்பிக்கை தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதையே பெரிதாகச் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு மட்டும் எதற்கு? மூளைச் சவ்வைத் தாக்கும் டி.பி., உடம்பு முழுக்கப் பரவும் டி.பி. இரண்டும் கைக்குழந்தையின் உயிரைக் குடிப்பவை. அந்த இரண்டையும் பி.சி.ஜி. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தடுக்கிறது. அந்த ஊசியை ஒருநாளும் தவறவிடக் கூடாது. இடது மேல்கையில், தோலுக்குள் மட்டும் இறங்கும்படி ஊசியைச் சாய்த்துச் செலுத்துகிறார் செவிலியர். அளவு 0.05 மில்லிதான். சின்னக் கொப்புளம்போல் தோல் எழும்பி அடங்கும். சில வாரங்களில் அதே இடம் சிவந்து, புண்ணாகி, தானாகவே ஆறித் தழும்பாகும். மருந்து தடவக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. எல்லோருக்கும் இடது கையிலேயே போடுவது, பின்னாளில் தழும்பைத் தேடுபவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான்.

என் கவலையெல்லாம் அந்தத் தழும்பைப் பற்றித்தான். “பொறந்ததுமே போட்டாச்சு, தழும்புகூட இருக்கே, அவனுக்கு எப்படி டி.பி. வரும்?” என்று கேட்காத வீடு குறைவு. தழும்பு சொல்வது ஒன்றே ஒன்று: ஊசி போடப்பட்டது. பத்து வயதுப் பிள்ளையின் நுரையீரலுக்கு அது காவல் நிற்காது. அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கும் மருந்துக்கடையில் டானிக் வாங்குகிறோம். பிள்ளை எடை ஏறவில்லை என்றால் சத்து மாவு கரைத்துக் கொடுக்கிறோம். மாலையில் உடம்பு காய்ந்தால் வெயிலில் விளையாடியதால் என்கிறோம்.

பள்ளிப் பிள்ளைக்கு டி.பி. பெரும்பாலும் இருமும் பெரியவர்களிடமிருந்தே வருகிறது. ஒரே அறையில் படுக்கும் தாத்தா, வேலைக்குப் போய்வரும் சித்தப்பா. அவர்களுக்கு நோய் உறுதியானால் வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசு விதி. நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு: தினமும் என்றால் ஆறு மாதம், வாரம் ஒருமுறை என்றால் 12 வாரம். பள்ளி வயதுப் பிள்ளையைக் காக்க இன்று கையில் இருக்கும் உருப்படியான வழி இந்த மாத்திரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் தருகிறார்கள். ஆனாலும் “நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?” என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். அக்கம்பக்கம் தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும், பள்ளியில் தள்ளி உட்காரவைப்பார்கள் என்ற பயத்தில் தாத்தாவின் நோயையே மறைப்பவர்களும் உண்டு. மறைத்த நோய் நேராகப் பேரப்பிள்ளையிடம் போகிறது.

பள்ளியில் டி.பி. ஊசி போடவில்லையே என்று பெற்றோர் கலங்க வேண்டாம். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் இந்த வாரமே சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். டி.பி. என்று தெரிந்தால் பிள்ளைகளையும் கூட்டிச் சென்று சோதியுங்கள். மாத்திரை கொடுத்தால் கடைசி நாள்வரை விழுங்கவையுங்கள்.