ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் நிலவறை

மூலக்கொத்தளம், காசிமேடு, புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ‘ரோக்லைக்’ என்ற வீடியோ கேம் வகையை எளிதாக விளக்கிவிடலாம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, நடுவில் ஒரு ரெட். அடுக்குவது எப்போதும் ஒரே மாதிரிதான். முதல் அடியில் காயின்கள் சிதறியதும், அதுவரை யாருமே ஆடியிராத ஒரு போர்டு முன்னால் கிடக்கும். எந்தக் காயினை முதலில் போடுவது, ரெட்டை இப்போதே எடுப்பதா, எதிராளியை எங்கே மறிப்பது என்பதெல்லாம் ஆடுகிறவர் பாடு. அடித்த அடியைத் திரும்ப வாங்க முடியாது. செரியன் நகர் கேரம் வீராங்கனை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதும் இப்படி ஒவ்வொரு போர்டையும் புதிதாகப் படித்துத்தான்.

இதேபோல ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிய நிலவறையை முன்னால் வைக்கும் ரோக்லைக் வகைக்குப் பெயர் தந்தது 1980-இல் வந்த ‘ரோக்’. கலிஃபோர்னியாவில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் எழுதினார்கள். அன்றைய புதிர் ஆட்டங்களை ஒருமுறை முடித்துவிட்டால் மறுபடி ஆட ஒன்றுமிருக்காது. எழுதியவருக்கோ விடை முன்பே தெரியும். தங்களுக்கே தெரியாத நிலவறை ஒன்று வேண்டுமென்று, வரைபடம் போடும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். நிரல் திரையை மூன்றுக்கு மூன்று கட்டமாகப் பிரிக்கும். கட்டங்களில் வெவ்வேறு அளவில் அறைகளை வைக்கும். அவற்றை நடைவழிகளால் இணைக்கும். படங்கள் கிடையாது. ஆடுகிறவர் ‘@’ குறி, அரக்கர்கள் எழுத்துகள். மருந்துக் குப்பிகளின் நிறத்தையும் நிரல் குலுக்கிப் போடும். போன ஆட்டத்தில் காயத்தை ஆற்றிய நீல மருந்து இந்த ஆட்டத்தில் கண்ணைக் கட்டிவிடலாம். செத்தால் மறுபடி முதல் தளம்தான்.

இதை இன்று கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது ‘ஷேட்டர்ட் பிக்ஸல் டஞ்சன்’. ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலும் ஓடும். நிலவறையை மேலிருந்து பார்க்கிறோம். மொத்தம் 26 தளங்கள்.

இதில் ஆடுகிறவருக்கு உள்ள சுதந்திரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கதவை வைத்தே காட்டலாம். கதவுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றால் துரத்தி வருகிறவனுக்கு நம்மைத் தெரியாது. அவன் வாசலில் கால் வைக்கும்போது அடித்தால் அந்த அடி தப்பாது. கதவு மரம், ஆகவே எரியும். புல்லும் எரியும். தீ மருந்தைக் குடிக்காமல் தூர எறிந்தால் புல்வெளியோடு எதிரியும் எரிவான். அந்தத் தீ நம்மிடமும் பரவி வரும். பையிலிருக்கும் மந்திரச் சுருளைக்கூடப் பொசுக்கும். ஓடித் தண்ணீரில் இறங்கினால் அணையும். எல்லாருக்கும் ஒரே விதி என்பதால்தான், ஆட்டத்தை எழுதியவர் நினைத்தே பார்க்காத வழியை நாம் கண்டுபிடிக்க முடிகிறது.

சில தளங்களில் மரத் தடுப்பு வைத்து அடைத்த அறை இருக்கும். அதை எரிக்கத் தேவையான தீ மருந்தை அதே தளத்தில் எங்காவது ஆட்டமே வைத்திருக்கும். ஆனால் அந்த அறையை விட்டுவிட்டு, மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு ஐந்தாம் தளத்துப் பெரிய எதிரிக்காகச் சேமிக்கவும் செய்யலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆயுதத்தையோ கவசத்தையோ மேம்படுத்தும் சுருள்களில் உறுதியாகக் கிடைப்பவை முழு ஆட்டத்துக்கும் 15 மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே கவசத்தில் கொட்டுவதா, வாளுக்கும் கொஞ்சம் கொடுப்பதா? கை கட்டப்பட்டிருப்பதால்தான் இந்தக் கேள்விக்கு எடை வருகிறது. பிரமாண்டமான உலகத்தைக் காட்டி, போக வேண்டிய இடத்துக்கு அம்புக்குறியும் போட்டுவைக்கும் ஆட்டங்களைவிட இந்தச் சின்ன நிலவறை எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான்.

இதுவரை சொன்னது யோசித்து ஆடும், முறை வைத்து நகரும் வகை. ‘டயப்ளோ’ ஆட்டத்தையும் டேவிட் பிரெவிக் முதலில் அப்படித்தான் அமைத்தார், பிறகு நிகழ்நேரத்துக்கு மாற்றினார். 2020-இல் முழுமையாக வெளியான ‘ஹேடிஸ்’ ஆட்டத்தில் விரல் வேகமும் வேண்டும். அங்கே ஒவ்வொரு வாசலிலும் அடுத்த அறையின் பரிசு என்னவென்று அடையாளம் இருக்கும். எந்த வாசலில் நுழைவது என்பது நம் விருப்பம்.

பிக்ஸல் டஞ்சனுக்கு இன்னொரு சுதந்திரமும் உண்டு. 2012-இல் வெளிவந்த மூல ‘பிக்ஸல் டஞ்சன்’ ஆட்டத்தின் நிரலை ‘வாடாபூ’ என்ற பெயரில் இயங்கும் படைப்பாளி பொதுவில் திறந்துவைத்தார். எவன் டெபன்ஹாம் அதை எடுத்து மாற்றி 2014-இல் வெளியிட்டதுதான் ‘ஷேட்டர்ட்’. அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. மாற்றி வெளியிடுகிறவர் தன் நிரலையும் திறந்துவைக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. எழுதப்பட்டிருப்பது ஜாவாவில். மூலக்கொத்தளத்திலிருந்து கல்லூரிக்குப் போய் ஜாவா படிக்கும் ஒரு பிள்ளை, தீ எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று சொல்லும் வரியை இன்று இரவே தேடிப்பிடித்து மாற்றிப் பார்க்கலாம்.