சரக்கு வண்டியின் கன்வெர்ட்டரும் சென்சாரும்: வீட்டிலேயே மாற்றும் முறை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமங்களில் கிடைக்கும் இறாலும் நண்டும் மீனும் ஐஸில் பொதியப்பெற்றுப் பொன்னேரி மார்க்கமாகச் சென்னைச் சந்தைகளுக்குச் செல்கின்றன. வண்டி ஒரு நாள் நின்றுவிடின் அன்றைய மீன் கரையிலேயே விலை இழக்கும். ஆதலின் வண்டியின் பழுது வண்டிக்காரர் ஒருவரின் நஷ்டம் மட்டுமன்று. வலையிழுத்த அனைவருக்கும் அதில் பங்குண்டு. சங்கங்களின் செலவுப் பதிவேடுகளைப் பார்வையிடும் நமக்குக் கன்வெர்ட்டர் மாற்றிய வகையில் எழுதப்படும் பெருந்தொகை கவலை அளிக்கிறது. இச்செலவில் ஒரு பகுதி தவிர்க்கக்கூடியதே என்பதை இங்கு விளக்குவோம்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலுக்கு வந்தன. இன்று பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடும் சிறு சரக்கு வண்டிகளில் கன்வெர்ட்டரும், பொதுவாக அதன் முன்னும் பின்னுமாக இரண்டு ஆக்சிஜன் சென்சார்களும் உள்ளன. டீசல் வண்டிகளின் அமைப்பு வேறு. இம்முறை அவற்றிற்குப் பொருந்தாது.

கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூட்டைப் போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. சூடேறிய இப்பூச்சின்மீது செல்லும் நச்சுப்புகை, பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறி வெளியேறும். முன் சென்சார் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து, எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ இயந்திரத்திற்கு வழிகாட்டுகிறது. பின் சென்சார் கன்வெர்ட்டரின் வேலையைக் கண்காணிக்கிறது.

வண்டியின் முகப்பில் இயந்திர விளக்கு எரிந்தவுடன் புதுக் கன்வெர்ட்டர் வாங்கப் புறப்படலாகாது. ஸ்கேனர் கருவியை இணைத்து முதலில் குறியீட்டைப் பார்க்க வேண்டும். பி-0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததெனச் சுட்டும் குறியீடு. அதுவும் முடிவான தீர்ப்பன்று. உப்புக்காற்றில் புகைக்குழாயின் இணைப்புகள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும். ஸ்பார்க் பிளக் பழுதானால் எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும். இயந்திரம் ஆயிலைக் குடித்தாலும் பூச்சு கெடும். மூல காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் விரைவில் பாழாகும்.

சென்சாரை மாற்றுவது எளிது. இயந்திரம் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுக. திருகுமரையில் துருநீக்கும் எண்ணெயிட்டுச் சற்றுநேரம் ஊறவிடுக. சென்சாருக்கென உள்ள, ஒயர் செல்லப் பிளவுடைய சாக்கெட்டால் கழற்றுக. புதியதன் நுனியில் எண்ணெயோ கிரீஸோ படலாகாது. அருகில் சிலிக்கான் பசையும் பயன்படுத்தலாகாது. அது சென்சாரைக் கெடுக்கும். முதலில் கையால் மரையேற்றிப் பின்னர் கையேடு கூறும் அளவுக்கு இறுக்குக. ஒயர் முறுகாமலும் சூடான குழாயைத் தொடாமலும் இருக்க வேண்டும்.

கன்வெர்ட்டருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மணற்பாங்கான தரையில் ஜாக்கி புதையும். கனத்த பலகையிட்டு, தாங்கு ஸ்டாண்டுகளை நிறுத்தாமல் வண்டிக்கடியில் புகலாகாது. துருத்தூளுக்குக் கண்ணாடி அணிக. போல்டால் இணைந்ததை மட்டுமே வீட்டில் மாற்றலாம். வெல்டிங் செய்யப்பட்டதைப் பணிமனைக்கு விடுக. புதியதன்மேலுள்ள அம்புக்குறி புகை செல்லும் திசையை நோக்கியிருக்கட்டும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் இடாதீர். இறுதியில் பேட்டரியை இணைத்து, திறந்த வெளியில் இயந்திரத்தை ஓட்டிப் புகைக்கசிவைச் சோதித்தபின் குறியீட்டை அழிக்கவும். மூடிய கொட்டகையில் ஓட்டின் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். ஓடிநின்ற வண்டியை உலர்ந்த வைக்கோலின்மீதோ வலைக்குவியலின்மீதோ நிறுத்தாதீர். கன்வெர்ட்டரின் வெப்பம் தீயை மூட்டும்.

கன்வெர்ட்டரை நீக்கி வெறுங்குழாய் பொருத்தச் சிலர் யோசனை கூறுவர். அது சட்டத்திற்கு விரோதம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். பழைய கன்வெர்ட்டரைக் காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்கு இரும்பாகக் கொடுத்துவிடுவதும் நஷ்டமே. அதிலுள்ள உலோகங்களுக்கு மதிப்புண்டு. இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, ரசீது பெற்று விற்க.

ஸ்கேனரையும் சாக்கெட்டையும் தனியொருவர் வாங்குதல் வீண் செலவு. பழவேற்காட்டு மீனவர் வலையிடும் இடத்தைப் பாடு முறையில் வகுத்து, முறைவைத்துத் தொழில் செய்யும் வழக்கமுடையவர்கள். அவ்வாறே சங்கம் ஒரு தொகுதிக் கருவிகளை வாங்கி, பதிவேட்டில் கையொப்பம் பெற்று, அங்கத்தினருக்கு முறையாக வழங்கலாம். பழுதைச் சரியாகக் கண்டறிந்து ஒரே ஒரு கன்வெர்ட்டர் செலவைத் தவிர்த்தாலும் அக்கருவிகள் தம் பயனை அளித்தவையாகும்.