கால் முந்தும், மூச்சு பிந்தும்

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தயாராகும் இளைஞர், எழுத்துத் தேர்வில் தேறினாலும் மைதானத்திலும் தேறியாக வேண்டும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. முதல் சுற்றில் பாய்ந்து முன்னால் போனவர் மூன்றாம் சுற்றில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவது இந்த ஓட்டத்தில் பழகிய காட்சி. மனவுறுதி போதவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கையில், 65 கிலோ எடையுள்ளவரின் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. 7 நிமிட வேகத்துக்குத் தேவை ஏறத்தாழ 3 லிட்டர். கால்கள் அந்த வேகத்தைச் சில விநாடிகளில் எட்டிவிடும், ஆக்சிஜன் எட்டாது. இதயத்துடிப்பு கூடி, தசையின் ரத்தக்குழாய்கள் விரிந்து, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேகமும் உயர்ந்து, வரவு தேவையை நெருங்க இரண்டு நிமிடம் போல ஆகிறது. அதுவரை தசையிலிருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டும், ஆக்சிஜன் இல்லாமலே உடையும் சர்க்கரையும்தான் ஈடுகட்டுகின்றன. அந்த இருப்பு கொஞ்சம். முதல் சுற்றிலேயே கரைத்தவருக்குக் கடைசி 300 மீட்டருக்கு மிஞ்சுவது சொற்பம்.

வேகத்தைக் கூட்டாமல் ஓடினாலும், கடும் ஓட்டத்தில் ஆக்சிஜன் செலவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். களைத்த தசை அதே வேலைக்கு அதிகம் கேட்கிறது. உடம்பு வாங்கக்கூடிய ஆக்சிஜனின் உச்ச வரம்பைத் தொட்டுவிட்டால், அந்த வேகத்தில் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பயிற்சியில்லாத இளைஞருக்கு அந்த வரம்பு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 40 முதல் 45 மில்லிலிட்டர். 7 நிமிட ஓட்டம் கேட்பது சுமார் 46! பயிற்சியில்லாமல் களமிறங்குபவர் ஏன் திணறுகிறார் என்பதற்கு இந்த எண்களே போதும்.

இந்த வரம்பை அளந்து காட்டியவர்களில் முன்னோடி, 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஆர்ச்சிபால்ட் ஹில். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு, விடும் மூச்சை அதில் பிடித்தபடி மான்செஸ்டரில் தானே ஓடினார். அவர் உடம்பு வாங்கிய உச்ச அளவு நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர். ஓட்டம் நின்ற பிறகும் மூச்சு வாங்குவதை அவர் ஆக்சிஜன் கடன் என்றார். தொடக்கத்துப் பற்றாக்குறையைத் திருப்பிச் செலுத்துவது அதில் ஒரு பங்கு மட்டுமே. உடற்சூடும் ஹார்மோன்களும் மூச்சை நீட்டிக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது.

பெரும்பாலானவர்களுக்கு வரம்பை வைப்பது நுரையீரல் அல்ல, ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு. சில மாத முறையான பயிற்சியில் அது உயர்கிறது. ஆக்சிஜன் வந்துசேரும் தாமதமும் குறைகிறது. தேர்வு நாளில் உடம்பைச் சூடாக்கும்போது இரண்டொரு முறை வேகமாக ஓடிவிட்டு, பத்து நிமிடம் போல இளைப்பாறினால் தசை விழித்திருக்கும். பிறகு சுற்றுக்கு 112 விநாடி என்ற கணக்கில் ஓடினாலே 7 நிமிடம் சரியாக வரும். இரண்டு மூன்று விநாடி குறைத்து ஓடுவது பாதுகாப்பு. கோட்டைத் தாண்டியதும் சட்டென நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். நடந்துகொண்டே இருந்தால் கெண்டைக்கால் தசைகள் அதை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும்.